தோற்றுப்போக வேண்டிய அணி

பேஸ்பால் ஆட்டத்தை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. டிவியில்கூட முழுசாக ஒன்று பார்த்ததில்லை. எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் எந்த ஊர் பலகாரம் என்று கேட்பார்கள். ஆனால் மெக்சிகோவில் குளிர்காலத்தில் நடக்கும் லீக்கில், ஒரு சீசனில், ஒரு அணி யாரிடம் ஜெயித்தது, யாரிடம் தோற்றது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். அந்த அணி தோற்கவேண்டும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. ஒரு கட்டத்தில் கேம்புக்குப் பக்கத்துப் பள்ளிவாசலைத் தாண்டும்போதுகூடக் கும்பிட்டேன்.

ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கத்தாரின் தோஹாவை மூலைக்கு மூலை தோண்டிப் போட்டிருந்த காலம் அது. வடக்கே ராஸ் லஃபானில் எரிவாயுக் குழாய் பதிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் நான் டைம் கீப்பர். யார் டூட்டிக்கு வந்தான், யார் வரவில்லை, யார் லீவில் இருக்கிறான் என்று ரெஜிஸ்டரில் குறிப்பதுதான் வேலை. தங்கியது தோஹா தொழில்பேட்டையில், ஒரு லேபர் கேம்பில். விடியும் முன்னே பஸ்ஸில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம். கேம்ப் வாசலில் ஒரு செக்யூரிட்டி, ராஸ் லஃபான் வாசலில் பாஸ் பார்க்க ஒரு செக்யூரிட்டி. இரண்டையும் தாண்டினாலும் நாட்டுக்கு வெளியே போக எக்ஸிட் பெர்மிட் வேண்டும், அதில் கஃபீல், அதாவது நம்மை விசாவில் எடுத்த அரபி முதலாளி, கையெழுத்துப் போட வேண்டும். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வந்தவன் மூன்றாவது வருஷத்தை முடித்துக்கொண்டிருந்தேன். லீவு கேட்டால், புராஜெக்ட் முடியட்டும் என்பார்கள். புராஜெக்ட் முடிந்த கம்பெனியை நான் பார்த்ததே இல்லை.

அங்கே வெல்டிங் இன்ஸ்பெக்டராக ஒரு மெக்சிகோக்காரர் இருந்தார். ஐம்பது வயது. ஜாயிண்டைத் தடவிப் பார்ப்பார், டார்ச் அடிப்பார், பிடிக்கவில்லை என்றால் மஞ்சள் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடுவார். நம் ஊர் ஃபிட்டர்கள் அவரை மெக்சிகோ அண்ணன் என்றார்கள். அவர் எங்கள் எல்லாரையும் தம்பி என்றார். நாங்கள் பேசிக்கொண்டது உடைந்த இங்கிலீஷில், நடுநடுவே பாய், ஜல்தி, கலாஸ். இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

சைட்டில் இன்டர்நெட் இருந்தது இரண்டே மேஜையில். ஒன்று மேனேஜருடையது, இன்னொன்று என்னுடையது. அக்டோபரில் ஒருநாள் டீ நேரத்தில் அண்ணன் என் கேபினுக்கு வந்து, ஒரு தாளில் ஒரு முகவரியை எழுதிக்கொடுத்து, இதைத் திறந்து பார்க்க முடியுமா என்றார். அவர் ஊரில் ராத்திரி நடக்கும் ஆட்டம், நமக்குக் காலை எட்டரை, ஒன்பதுக்கு முடிந்துவிடும். திரையில் இரண்டு வரி, ஒவ்வொரு வரியிலும் ஒன்பது கட்டம். மேல்வரி வெளியூர் அணி, கீழ்வரி சொந்த ஊர் அணி. ஒரு கட்டத்துக்கு ஒரு இன்னிங்ஸ். அவ்வளவுதான், கிரிக்கெட்டைவிட எளிது என்றார். அது பொய் என்பது ஜனவரியில்தான் தெரிந்தது. அதற்குள் எனக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. ரெஜிஸ்டரை முடித்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து, துண்டுத்தாளில் கட்டம் போட்டு எண்களை எழுதி வைப்பேன். அண்ணன் கையுறையைக் கழற்றாமலே வாசிப்பார். முகம் கோணினால் தோல்வி.

பெரும்பாலும் கோணத்தான் செய்தது. எட்டு அணிகளில் அவர் அணி ஆறாவது, ஏழாவது இடத்திலேயே கிடந்தது. ஆனாலும் பார்த்தார், ஏனென்றால் அதில் அவருடைய சொந்தத் தம்பி பந்து வீசினான். இடது கைக்காரன். கடைசி நேரத்தில் இறக்கி விடுவார்களாம், ஒன்றிரண்டு பேரை அவுட்டாக்கிவிட்டு வந்து உட்கார்ந்துவிட வேண்டியதுதான். சின்ன வயதில் வீட்டுக் கொல்லையில் அவன் எறிய, இவர் பிடித்துப் பழக்கியிருக்கிறார். அதில் உடைந்த இவரது சுண்டுவிரல் வளைந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"தோள் போயிருச்சு. அவனுக்கு இதுதான் கடைசி வருஷம். சட்டையைக் கழட்டுறதுக்கு முன்னால ஒரு தடவையாவது நான் உக்காந்து பாக்கணும் தம்பி," என்றார்.

எனக்கும் அந்த டிசம்பரில் ஒரு தேதி வந்தது. தை இருபத்திநாலு. என் கல்யாணம். பெண்ணை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன், போனில்தான் பேசியிருந்தேன். தேவகோட்டைப் பக்கம். ஆவணியில் ஒருமுறை நாள் குறித்து, லீவு கிடைக்காமல் தள்ளிப்போனது. தையில் மாப்பிள்ளை வரவில்லை என்றால் எங்களை விட்டுவிடுங்கள் என்று அவள் அப்பா நேராகவே சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கம்பெனி எப்படியோ இளகிப் பிப்ரவரி ஒன்றிலிருந்து எனக்கு லீவு எழுதிக்கொடுத்தது. அந்தத் தாளை மடித்துப் பனியன் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இப்போது எங்கள் கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பு ஒருவன் லீவில் போய், திரும்பாமல் வேறு நாட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டானாம். அதிலிருந்து, லீவில் போகிறவனுக்கு இன்னொருத்தன் கியாரண்டி கையெழுத்துப் போட வேண்டும். போனவன் திரும்பி வரும்வரை கியாரண்டி போட்டவனுக்கு எக்ஸிட் கிடையாது. எஞ்சினியரோ ஹெல்ப்பரோ, எல்லாருக்கும் ஒரே சட்டம். எனக்கு, இப்போதைக்கு ஊருக்குப் போகாத ஒரு ஃபிட்டர் போட்டுக்கொடுத்திருந்தான். இதையெல்லாம் பார்ப்பது மந்தூப், அதாவது கம்பெனிக்காக எமிகிரேஷன் ஆபீஸுக்கு அலைகிற ஆள். வாரத்தில் மூன்று நாள் ஒரு தோல்பையோடு சைட்டுக்கு வருவான். அந்தப் பைக்குள்தான் எங்கள் தலையெழுத்தே இருந்தது.

டிசம்பர் கடைசியில் அண்ணனின் அணி தட்டுத்தடுமாறி ஆறாவதாக முடிந்தது. ஆறு அணிகளுக்கு அடுத்த சுற்று உண்டு. அண்ணன் பதினைந்து நாள் லீவு வாங்கிவிட்டார், கியாரண்டிக்குத்தான் ஆள் இல்லை. எவனும் அவருக்காகத் தன் எக்ஸிட்டைப் பணயம் வைக்கத் தயாராக இல்லை. என்னிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை. படிவத்தை மேஜையில் வைத்துவிட்டு டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் கணக்குப் போட்டேன். முதல் சுற்றில் ஏழு ஆட்டம், நாலு தோற்றால் வெளியே. எதிரே நிற்பது முதல் இடத்து அணி. மூன்று மாதமாக இந்த அணியின் லட்சணத்தைக் கட்டம் போட்டு எழுதியவன் நான். பத்து நாளில் தோற்று வெளியே வரும், அண்ணன் ஜனவரி இருபதுக்குள் திரும்பிவிடுவார், என் லீவு பிப்ரவரியில்தானே? நல்ல மனதால் மட்டும் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். அந்த அணி கட்டாயம் தோற்கும் என்ற தைரியத்தில் போட்டேன். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உன் கல்யாணத்துக்கு நான் இடைஞ்சலா இருக்க மாட்டேன் தம்பி," என்றார். அந்த வாரமே ஊருக்குப் பறந்தார்.

நான் நினைத்தபடியே தோற்றது. ஏழு ஆட்டத்தில் நாலு போய், மூன்று ஜெயித்து, பல்லைக் கடித்துப் போராடித் தோற்றது. அன்றைக்கு டீக்கடைச் சமோசாவை நானே ஃபிட்டர்களுக்கு வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குப் போன் போட்டேன்.

"எப்ப வாரீக? இங்க எல்லாரும் கேக்குறாக," என்றாள்.

"ஒண்ணாந்தேதி கிளம்பிருவேன். ரெண்டாந்தேதி வீட்டுல."

"நெசமாத்தானே? அப்பா மண்டபத்துக்குச் சொல்லப் போறாக."

"சொல்லச் சொல்லு," என்றேன். என் குரலில் அப்படி ஒரு தெம்பு.

மறுநாள் அண்ணனிடமிருந்து மெயில். தம்பி, அதிர்ஷ்டம், நாங்கள் அரையிறுதிக்குப் போகிறோம் என்று. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தோற்ற அணி எப்படிப் போகும்? எழுதிக் கேட்டேன். பதில் வந்தது. ஆறு அணி மோதினால் ஜெயிப்பது மூன்று. அரையிறுதிக்கு நாலு வேண்டும். அதனால் தோற்ற மூன்றில் எது நன்றாகப் போராடித் தோற்றதோ அதையும் சேர்த்துக்கொள்வார்களாம். அந்த லீக்கில் எப்போதும் அப்படித்தானாம். மூன்று மாதம் அந்தப் பக்கத்தைத் தினமும் திறந்த எனக்கு இது தெரியாது, ஏனென்றால் நான் எண்களைத்தான் பார்த்தேன், மற்றதெல்லாம் ஸ்பானிஷ். நம் ஊர் வாலிபால் டோர்னமெண்டில்கூடத் தோற்றவன் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான். தோற்றவனைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற ஒரு விளையாட்டில்தானா நான் போய்த் தலையைக் கொடுக்க வேண்டும்? 

கூடவே, லீவை அங்கிருந்தே நீட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். மேனேஜரிடம் போனேன். இன்னும் ஒரு வாரம் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் தலையை நிமிர்த்தவில்லை. நான் ரெஜிஸ்டரில் லீவு என்று குறித்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் எனக்குத் தூக்குமேடை. ஐந்தரைக்குக் கேபினைத் திறந்ததும் கம்ப்யூட்டரைப் போடுவேன். முதல் கட்டம் நிரம்பியிருக்கும். வெளியே ஆட்கள் வரிசையில் நின்று பெயர் சொல்வார்கள், நான் ஒரு கண்ணை ரெஜிஸ்டரிலும் ஒரு கண்ணைத் திரையிலும் வைத்திருப்பேன். வந்தவனை வரவில்லை என்று எழுதி ஒருநாள் ஒரு வெல்டரிடம் திட்டு வாங்கினேன். அந்த அணி ஒரு ரன் எடுத்தால் பேனாவை மேஜையில் குத்துவேன். அவர்களுடைய ஊர், கூட்டம், சத்தம் எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கட்டத்தில் பூஜ்யம் வர வேண்டும் என்பதுதான். வேண்டிய அளவு பூஜ்யம் வரவில்லை. அரையிறுதியை நாலுக்கு இரண்டு என்று ஜெயித்துத் தொலைத்தார்கள்.

அண்ணனுடைய தம்பியின் பெயர் இப்போது தினமும் கடைசிக் கட்டங்களில் வந்தது. பையன் வெறி பிடித்தவன்போல வீசுகிறான் என்று எழுதினார். டிக்கெட் கிடைத்தது, என் தம்பி என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான் என்று எழுதினார். எனக்கு எரிந்தது. என் கழுத்தில் கயிற்றைப் போட்டுவிட்டு எனக்கே தொப்பிக் கதை சொல்கிறாரே என்று. இறுதிச்சுற்றிலும் ஏழு ஆட்டம். அதையும் ஜெயித்தால் பிப்ரவரி முதல் வாரம் கரீபியன் நாடுகளோடு இன்னொரு தொடராம், சாம்பியன் அணி அங்கே போகும். அவரும் பின்னாலேயே போவார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

இறுதிச்சுற்று தொடங்கியபோது மந்தூப் என் லீவுத் தாளை எடுத்துப் பார்த்தான்.

"உனக்கு எக்ஸிட் மாஃபி, கிடையாது. உன் மெக்சிகோ எங்கே?"

"வந்துருவார்."

"எப்போ?"

சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். அவன் கெட்டவன் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இந்தியிலும் அரபியிலும் மாற்றி மாற்றி எனக்கு வழி சொன்னான். லீவு முடிந்து ஏழு நாள் வராதவனைத் திரும்பவில்லை என்று டைம் கீப்பர் எழுதிக்கொடுக்கலாம். எழுதினால் அவன் அன்றைக்கே அண்ணனுடைய விசாவை கேன்சல் செய்துவிடுவான். ஆள் கணக்கிலேயே இல்லை என்றால் கியாரண்டியும் இல்லை. என் எக்ஸிட் வந்துவிடும்.

"நீ எழுது, நான் செய்யறேன். கலாஸ், முடிஞ்சது," என்றான்.

எழுத மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். அன்று சாயங்காலம் அவளோடு பேசினேன். உண்மையைச் சொல்லிவிட்டேன். 

"யாரோ எங்கேயோ பந்து எறியிறதுக்கும் நீங்க வாரதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள்.

விளக்கினேன். கியாரண்டி, கஃபீல், தோற்றவர்களில் நல்ல தோல்விக்காரன், எல்லாவற்றையும். என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

"நான் அப்பாகிட்ட இதைச் சொல்லலை. சொன்னா சிரிப்பாக. வர முடியும்னா வாங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. பத்திரிகை குடுத்த பிறகு சொல்லாதீக," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஐந்தாவது ஆட்டம் முடிந்தது. அண்ணன் அணி மூன்றுக்கு இரண்டு என்று முன்னால் நின்றது. இன்னும் ஒன்று ஜெயித்தால் சாம்பியன். மூன்று நாளாக அவரிடமிருந்து மெயில் இல்லை. அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கேபின் ஜன்னலுக்கு வெளியே மந்தூபின் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. நான் டிராயரைத் திறந்து படிவத்தை எடுத்தேன். பெயர், எண், லீவு முடிந்த தேதி: அன்றோடு ஏழு நாள். திரும்பவில்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். மேனேஜர் நான் வைத்த தாளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார், வழக்கம்போல. மந்தூப் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். மத்தியானம் திரும்பி வந்து என் எக்ஸிட் பெர்மிட்டை மேஜையில் வைத்து, "மப்ரூக்," என்று வாழ்த்தினான். மனுஷன் கையைக்கூடக் குலுக்கினான். எனக்கு அப்போது சந்தோஷம்தான். இப்போது மாற்றிச் சொல்ல விரும்பவில்லை. மலைபோல ஒன்று இறங்கிய சந்தோஷம்.

வெள்ளி விடுமுறை. சனிக்கிழமை காலை கேபினைத் திறந்தேன். அண்ணனின் மெயில் வந்து கிடந்தது, வெள்ளிக்கிழமை அனுப்பியது. கிராமத்தில் அம்மா வீட்டில் இருந்தேன், நெட் இல்லை, மன்னித்துவிடு. இன்று மத்தியானம் ஃபிளைட் ஏறுகிறேன். ஞாயிறு காலை தோஹா. ஆறாவது, ஏழாவது ஆட்டங்களைப் பார்க்க மாட்டேன், பரவாயில்லை, என் தம்பி வீசியதை நான் பார்த்துவிட்டேன். கல்யாணத்தை நடத்து.

திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு மந்தூபுக்குப் போன் போட்டேன். கேன்சல் செய்த விசாவை உயிர்ப்பிக்க முடியாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும், அதுவும் இன்று ஆபீஸ் லீவு என்றான். "ஏன் இப்போ கேக்கறே? உன் வேலை முடிஞ்சதில்ல?" என்றான். அண்ணனுக்குப் பதில் எழுதினேன், வராதீர்கள் என்று. அவர் வானத்தில் இருந்தார், யார் படிப்பது? அன்றைக்கு ஆறாவது ஆட்டத்தில் அவர் அணி தோற்றது. மூன்று வாரமாக நான் வேண்டிக்கொண்ட தோல்வி. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு காலை ஏழாவது ஆட்டம் கடைசிக் கட்டத்தில் இருந்தபோது கேபின் போன் அடித்தது.

"தம்பி, நான் வந்துட்டேன். ஏர்போர்ட்ல நிக்கிறேன். யாரோ ஒரு புண்ணியவான் மொபைலைக் குடுத்தார்."

"சொல்லுங்கண்ணே."

"இங்க ஏதோ குழப்பம். என் விசா வியாழக்கிழமை கேன்சல் ஆயிருச்சுன்னு சொல்றாங்க. வந்த ஃபிளைட்லயே திருப்பி அனுப்பப் போறாங்களாம். மந்தூபை வரச் சொல்லு. இல்லேன்னா நான் வந்துட்டேன்னாவது அவன்கிட்ட சொல்லு. நான் வந்ததை எழுதினாத்தானே உன்னை விடுவான்?"

 அவர் பேசிக்கொண்டே போனார். அவரை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்திருக்கிறார்களாம். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்களாம்.

"ஆட்டம் என்னாச்சு?" என்றார் நடுவில்.

திரையைப் பார்த்தேன். வாசித்தேன். முதல் இன்னிங்ஸ் பூஜ்யம், இரண்டாவது ஒன்று என்று. கடைசிக் கட்டத்தில் அவர் அணிக்கு ஒரு ரன் முன்னிலை. எதிரணி ஆள் இரண்டு பேர் களத்தில் நிற்கிறார்கள், பந்து அவர் தம்பி கையில். பக்கம் புதுப்பிக்க ஒரு நிமிஷம் ஆனது.  பிறகு எண்கள் மாறின.

"முடிஞ்சிருச்சுண்ணே. உங்க தம்பிதான் கடைசி ஆளை அவுட்டாக்குனது. நீங்க சாம்பியன்."

அவர் தன் பாஷையில் ஏதோ சொன்னார். அழுதாரோ, சிரித்தாரோ. பக்கத்தில் ஒரு ஆபீசர் அவரை அதட்டுவது கேட்டது.

"தம்பி, சீக்கிரம். மந்தூப்கிட்ட சொல்லிடு. உன் எக்ஸிட் நின்னுறக் கூடாது."

"எக்ஸிட் வந்துருச்சுண்ணே."

"வந்துருச்சா? எப்போ?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய் சொன்னவன் நான். வாய் வரவில்லை.

"வியாழக்கிழமை," என்றேன்.

போனில் அறிவிப்புச் சத்தம் மட்டும் கேட்டது, எந்த ஊருக்கோ ஒரு ஃபிளைட். ஜாயிண்டைத் தடவிப் பார்த்தே உள்ளே விரிசல் எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடிய மனிதர் அவர்.  நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

"வியாழக்கிழமை," என்றார். பிறகு, "பொண்ணுகிட்ட என் வாழ்த்தைச் சொல்லு," என்றார்.

"அண்ணே..."

"அந்தக் கடைசி இன்னிங்ஸை இன்னொரு தடவை வாசி தம்பி. மெதுவா வாசி."

வாசித்தேன்.